நம்பிக்கைகளும் உண்மைகளும்: வயிற்றில் ஒன்று, முதுகில் ஒன்று

முழுகாமல் இருப்பவள் மூத்த பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். நாள் தள்ளிப்போன செய்தி தெரிந்ததுமே மாமியாரும் அம்மாவும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள்: "வெயிட் தூக்காதே, கரு தங்காது." ஒன்றரை வயதுப் பிள்ளையோ அம்மாவின் இடுப்பைத் தவிர வேறிடம் அறியாது. இந்த இழுபறிக்கு நடுவில் இப்போது புதிதாக ஒரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது: பிள்ளையை முதுகில் ஏற்றி, தோளில் பட்டை மாட்டி, இடுப்பில் பக்கிள் போட்டுக்கொள்ளும் துணி கேரியர். அதோடு புதுப் பயங்களும் வந்துவிட்டன. பெல்ட் வயிற்றுப் பிள்ளையை நசுக்கும், பாரம் அழுத்திக் கர்ப்பவாய் திறந்துகொள்ளும், பட்டை மாட்டக் கையை மேலே தூக்கினால் கொடி சுற்றிக்கொள்ளும் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், முன்னால் வயிறும் பின்னால் பிள்ளையும் இருந்தால் எடை சமமாகி முதுகுவலியே போய்விடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கேரியரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கர்ப்பிணிக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் பிள்ளை முதுகில் இருக்கும் நேரத்தில் இல்லை. பிள்ளை தரையிலிருந்து முதுகுக்கு எப்படி வந்து சேர்கிறது, பட்டை எங்கே அழுத்துகிறது, அம்மா எங்கே கால் வைக்கிறாள் என்ற மூன்றில்தான் இருக்கிறது.

"கரு தங்காது" என்பதை முதலில் பார்ப்போம். தெரியவந்த கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள். அந்த ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறு. அம்மா குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது மாறப்போவதில்லை. ஆனால் அந்த 12 வாரங்களில், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் எந்த அம்மாவும் அதைத் தூக்காமல் ஒரு நாளைக் கழித்திருக்க மாட்டாள். அதனால் கரு கலைந்தால் கைகாட்ட ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது: "நேற்றுக்கூடத் தூக்கினாயே." இது நம் ஊரில் மட்டும் உள்ள எண்ணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1,084 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், கனமானதைத் தூக்குவது கருச்சிதைவுக்குக் காரணமாகும் என்று 64 சதவீதம் பேர் நம்பினார்கள். அதே கணிப்பில், கருச்சிதைவைச் சந்தித்தவர்களில் 47 சதவீதம் பேர் தங்கள்மேல்தான் குற்றம் என்ற உணர்வோடு இருப்பதாகச் சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் நான் சேர்த்தே படிக்கிறேன். சாதாரணமாகச் சொல்லிவிடும் ஒரு எச்சரிக்கை, கருவை இழந்து கிடக்கும் பெண்ணின் நெஞ்சில் குற்றச்சாட்டாக இறங்குகிறது. இந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுவே.

அதற்காக, எடை தூக்குவதற்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் வேலையிடத்தில் செய்யும் உடலுழைப்பைப் பற்றிய 80 ஆய்வுகளை, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு, கனடாவின் ஆய்வாளர்கள் 2020-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 11 கிலோவுக்குக் குறையாத பொருள்களைத் தூக்கும் வேலையில் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு இருந்தது. ஒரு நாளில் தூக்கும் மொத்த எடை 100 கிலோவைத் தொட்டால் குறைப்பிரசவத்துக்கும் அதே அளவு கூடுதல் வாய்ப்பு தெரிந்தது. இந்த எண்ணைக் கேட்டுப் பதற வேண்டாம். 100 பேரில் 10 பேருக்கு நேர்வது ஏறக்குறைய 13 பேருக்கு நேர்கிறது என்பதுதான் இதன் பொருள். அந்த மூன்று பேருக்கும் எடைதான் காரணம் என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூட்டை தூக்கும் வேலையில் இருப்பவர் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பவர், இரவு ஷிப்ட் பார்ப்பவர், வருமானம் குறைந்தவர். இவற்றையெல்லாம் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாததால், சான்றின் உறுதி குறைவு என்று தொகுத்தவர்களே குறித்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த 100 கிலோவை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுநிலை எடை 11.5 கிலோ, ஆண் குழந்தைக்கு 12.2 கிலோ. கட்டிலிலிருந்து இறக்க, பாத்ரூமுக்குக் கொண்டுபோக, சோறூட்ட, மொட்டைமாடியில் காக்கா காட்ட, தூங்கவைக்க என்று ஒரு நாளில் ஒன்பது முறை தூக்கினாலே 100 கிலோ தாண்டிவிடுகிறது. எந்த வேலைக்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கும் அம்மாவின் கணக்கு இது.

கேரியர் இங்கேதான் உதவிக்கு வருகிறது. மாலையில் அரை மணி நேரம் பிள்ளை அழுது அடம்பிடிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் குனிந்து தூக்கி, கை வலித்ததும் இறக்கி, அது அழுததும் மறுபடி குனிவதற்குப் பதிலாக, ஒரே முறை ஏற்றிவிட்டால் போதும். எடை அதேதான், ஆனால் தூக்குகிற தடவைகள் குறைகின்றன. உடம்பைப் பாதிப்பது அந்தத் தடவைகள்தான் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 10 கிலோ பிள்ளையைத் தரையிலிருந்து கை நீட்டி எடுக்கும்போது அது முதுகெலும்பிலிருந்து சுமார் 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. முதுகை நிமிர்த்தும் தசைகளோ முதுகெலும்புக்கு 5 செ.மீ. பின்னால்தான். நெம்புகோல் விதிப்படி, பிள்ளையின் எடையைச் சமாளிக்க மட்டுமே அந்தத் தசைகள் 80 கிலோவுக்கு ஈடான விசையோடு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் தனி. வயிறு பெரிதாகப் பெரிதாகப் பிள்ளையை உடம்போடு ஒட்டி எடுக்க முடியாமல் அந்த 40 செ.மீ. இன்னும் கூடுகிறது. முதுகோடு ஒட்டிக் கட்டிய பிள்ளையின் எடை முதுகெலும்புக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நிற்கிறது. அம்மா சற்று முன்னால் சாய்ந்தால் அதுவும் குறைகிறது. அமெரிக்க அரசின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் கர்ப்பிணிகளுக்கு வகுத்த வரம்பிலும் இதே பாடம் இருக்கிறது. எப்போதாவது, உடம்போடு ஒட்டித் தூக்கும் எடைக்கு 20 வாரம் வரை சுமார் 16 கிலோ, அதன் பிறகு சுமார் 12 கிலோ என்று வைத்தார்கள். கை நீட்டித் தூக்குவதற்கு வரம்பை வெகுவாகக் குறைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் உயரத்துக்கும் தாழ்வாக இருப்பதைத் தூக்கவே வேண்டாம் என்றார்கள். நம் பிள்ளைகள் விளையாடுவது அந்த உயரத்தில்தான்.

நம் பெண்கள் வழக்கமாகச் சுமப்பது இடுப்பில். பக்கவாட்டில் இடுப்பை ஒடித்து, அந்த மேட்டில் பிள்ளையை உட்காரவைத்து, ஒரு கையால் அணைத்தபடி மறு கையால் குழம்பைக் கிளறுவது பழகிய லாவகம். ஆனால் ஐந்தாம் மாதத்துக்கு மேல் இந்த மேடை மாறிவிடுகிறது. வயிறு முன்னால் வர, பிள்ளை இன்னும் பின்னுக்கும் பக்கத்துக்கும் தள்ளப்படுகிறது. பாரம் முழுவதும் ஒரு பக்க இடுப்பெலும்பு மூட்டில் இறங்குகிறது. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இடுப்பெலும்பு வளையத்தில் வலி வருகிறது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. படுக்கையில் புரளவும், படியேறவும், ஒற்றைக்காலில் நின்று பேன்ட் போடவும் விடாத வலி அது. அப்படிப்பட்டவருக்கு ஒரு பக்கச் சுமை அந்த வலியைக் கூட்டத்தான் செய்யும். வெறும் கையில் சுமப்பதற்கும் துணியில் கட்டிச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை 2007-ல் மானுடவியலாளர் காரா வால்-ஷெஃப்லரும் குழுவினரும் நடந்து செலவாகும் சக்தியை அளந்து பார்த்தார்கள். கையில் சுமந்தபோது சராசரியாக 16 சதவீதம் கூடுதல் சக்தி செலவானது. அளந்தது கர்ப்பிணிகளை அல்ல. ஆனால் கையால் இறுக்கிப் பிடிக்கும் வேலையைத் துணி ஏற்றுக்கொள்கிறது என்ற காரணம் கர்ப்பிணிக்கும் பொருந்தும்.

இதை வைத்துக்கொண்டு, முதுகுச் சுமை வயிற்றுச் சுமையைச் சமன்செய்துவிடும் என்று பேசுபவர்களோடும் நான் உடன்படவில்லை. பாதி உண்மைதான் அது. பெண்ணின் கீழ்முதுகு வளைவு மூன்று முள்ளெலும்புகளில் பரவியிருக்கிறது, ஆணுக்கு இரண்டில்தான். வயிறு முன்னால் இழுக்கும்போது அந்த வளைவைக் கூட்டி, உடம்பின் எடை மையத்தைக் கால்களுக்கு நேராகத் திருப்பிக்கொள்ள இது உதவுகிறது என்று 2007-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆக, வயிற்றைச் சமன்செய்யும் வேலையைக் கர்ப்பிணியின் உடம்பு ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. முதுகில் பிள்ளை ஏறியதும் முன்னிழுப்பு கொஞ்சம் தணியலாம், ஆனால் செங்குத்தாக இறங்கும் பாரம் எங்கும் போவதில்லை. கர்ப்பத்தில் கூடிய 10, 12 கிலோவோடு பிள்ளையின் 10, 12 கிலோவும் சேர்ந்து முள்ளெலும்புகளின் நடுத்தட்டுகளிலும், இடுப்பிலும், முழங்காலிலும், வீங்கிய பாதத்திலும் இறங்குகிறது. கேரியர் முதுகுவலிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கையிலோ இடுப்பிலோ சுமப்பதைவிடப் பரவாயில்லை என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பெல்ட் நசுக்கும் என்ற பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. 12 வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே கட்டும் பட்டை அதைத் தொடாது. 20-வது வாரத்தில் அதன் மேல்விளிம்பு தொப்புளுக்கு வந்துவிடுகிறது. பனிக்குட நீரும் தடித்த தசைச்சுவரும் உள்ளிருக்கும் சிசுவைக் காப்பதால், பட்டை பட்டதுமே அதற்கு அடிபடும் என்பதில்லை. ஆனால் பாரம் முழுவதையும் தாங்கும் இறுக்கமான பெல்ட் வயிற்றின் குறுக்கே ஓடினால் அம்மாவுக்கு வலிக்கும், நெஞ்செரியும், மூச்சு முட்டும், அடிக்கடி மூத்திரம் வரும். அதைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. பிள்ளையை முதுகில் உயரமாக ஏற்றி, இடுப்பு பெல்ட்டை வயிற்றுக்கு மேலே, மார்புக்குக் கீழே கட்டுவது ஒரு வழி. இடுப்பு பெல்ட்டே இல்லாத கேரியர் இன்னொரு வழி. ஜப்பானியர்கள் ஒன்புஹிமோ என்று சொல்லும் வகை அதுதான். முழு எடையும் தோளில் நிற்கும், வயிறு சுதந்திரமாக இருக்கும், ஆனால் தோள் சீக்கிரம் களைத்துவிடும். நீளத் துணியால் கட்டுபவர்கள் முனைகளை வயிற்றின் குறுக்கே முடியாமல், தோள்பட்டைகளுக்குள் நுழைத்து மார்புக்கு மேலே முடிந்துகொள்கிறார்கள். கை தூக்கினால் கொடி சுற்றும் என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. பிறக்கும் குழந்தைகளில் நாலைந்தில் ஒன்றுக்காவது கழுத்தில் கொடி சுற்றியிருப்பது சாதாரணம். சிசு பனிக்குட நீரில் புரள்வதால் நேர்வது அது. அம்மாவின் கை அங்கே எட்டாது.

கர்ப்பவாய் திறந்துவிடும் என்ற பயம் இதைவிட ஆழமானது, ஏனென்றால் டாக்டர்களே பல காலம் "படுத்தே இரு" என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பவாய் மேலிருந்து பாரம் அழுத்தினால் விலகிக்கொள்ளும் மூடி இல்லை. அது உறுதியான நார்த்திசுவால் ஆனது, உள்ளே நிகழும் வேதிமாற்றங்களால்தான் மெல்ல இளகுகிறது. அமெரிக்காவில் கர்ப்பவாய் குட்டையாக இருந்த 657 பெண்களைப் பற்றிய விவரங்கள் 2013-ல் வெளியாயின. நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 37 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம் நேர்ந்தது, அப்படிச் சொல்லப்படாதவர்களில் 17 சதவீதம் பேருக்கே நேர்ந்தது. ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்குத்தான் ஓய்வு சொல்லியிருப்பார்கள் என்று வாதிடலாம், நியாயமான வாதம்தான். மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் ஓய்வு காப்பாற்றியதாகத் தெரியவில்லை. படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்காது என்பதே இன்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடு.

"ஆப்பிரிக்கப் பெண்கள் காலங்காலமாக இப்படித்தானே சுமக்கிறார்கள்" என்று கேரியரை ஆதரிப்பவர்கள் சொல்வதும் நல்ல சான்று ஆகாது. ஒரு வழக்கம் நெடுநாள் இருப்பதால் அது தீங்கற்றது என்று ஆகிவிடாது. அதனால் பட்ட துன்பம் எங்கும் எழுதப்படாமலே போயிருக்கலாம். அவர்களிடம் கற்க வேண்டியது கைப்பழக்கத்தைத்தான். ஜாம்பியாவிலும் மலாவியிலும் சிதெங்கே துணியில் பிள்ளை கட்டும் பெண், முதலில் இடுப்பிலிருந்து மடிந்து முதுகைப் பலகைபோல் கிடையாக்கிக்கொள்கிறாள். பிள்ளை அந்த முதுகில் கவிழ்ந்து கால்களை அகட்டிப் படுத்துக்கொள்கிறது. துணியை அதன்மேல் வீசிப்போட்டு, முனைகளை அக்குளுக்கடியில் இழுத்து, மார்பருகே இறுக்கிச் சொருகிய பிறகுதான் நிமிர்கிறாள். சின்ன வயதில் தம்பி தங்கையைக் கட்டிப் பழகிய உடம்பு அது. நம் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆறாம் மாதத்தில் வீடியோ பார்த்து முதல் முறையாகப் பிள்ளையைத் தலைக்கு மேலாகச் சுழற்றி முதுகில் போட முயல்வது விபரீதம்.

ஏனென்றால் நான் உண்மையில் கவலைப்படுவது விழுவதைப் பற்றித்தான். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் சுமார் 4,000 பெண்களிடம் விசாரித்ததில், 27 சதவீதம் பேர் கர்ப்பகாலத்தில் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். பிள்ளையைச் சுமக்காமலே நேர்ந்த வீழ்ச்சிகளும் அதில் சேர்த்தி. முதுகில் பிள்ளை இருந்தால் அது ஒரு பக்கம் எட்டிப்பார்க்கும், திடீரென்று பின்னால் சாயும். வயிறு பாதத்தை மறைத்திருக்கும். இதோடு நம் நிலைமையையும் சேருங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21-ன்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தலைசுற்றலும் படபடப்பும் மூச்சிரைப்பும் அதன் சாதாரண அறிகுறிகள். சித்திரை வெயிலில் இரண்டு உடம்பு ஒட்டியிருந்தால் வேர்வையும் மயக்கமும் கூடும். எனவே ஈரமான பாத்ரூம், கைப்பிடியில்லாத மாடிப்படி, பஸ் ஏறுவது, அடுப்படி இவையெல்லாம் கேரியருக்கு விலக்கு. செருப்பு பட்டை வைத்ததாக இருக்கட்டும். ஏற்றும்போது கட்டிலின் விளிம்பில் அம்மா உட்கார வேண்டும். பிள்ளை கட்டிலில் நின்றபடியே பின்னாலிருந்து முதுகில் சாய, பட்டைகளை மாட்டி இறுக்கிய பிறகு, காலை ஊன்றி எழுந்திருக்கலாம். இறக்கும்போதும் அதே கட்டிலில் உட்கார்ந்துதான். முதல் சில நாள் யாராவது பக்கத்தில் நின்று பிள்ளையைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு வயதுப் பிள்ளை இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

கர்ப்பிணியின் சூடு பட்டு மூத்த பிள்ளை சவலை பாய்ந்துவிடும் என்ற நம்பிக்கையையும் இதோடு தீர்த்துவிடலாம். அம்மா மறுபடி உண்டானதும் மூத்தது மெலிவதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. 1930-களில் இன்றைய கானாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலிலிருந்து பிரிக்கப்பட்டு வெறும் மக்காச்சோளக் கூழில் விடப்பட்ட மூத்த பிள்ளைகள் வீங்கி நலிவதைப் பதிவு செய்தார். பிள்ளையை நலியவைத்தது சாப்பாடு. முட்டையும் பருப்பும் பாலும் கிடைக்கும் பிள்ளை அம்மாவின் முதுகில் இருந்ததால் இளைக்காது.

"இவ்வளவு நிபந்தனை எதற்கு, தூக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததே" என்று கேட்கலாம். தூக்காதே என்று சொல்லும் வீடு, யார் தூக்குவது என்று சொல்வதில்லை. பகல் முழுவதும் தனியாக இருக்கும் அம்மா, அழும் பிள்ளையைத் தரையிலிருந்து எடுக்கத்தான் போகிறாள். மோசமான விதத்தில், பயந்துகொண்டே எடுப்பாள். அதைவிட, பட்டையின் நீளத்தை மாற்றினால் அதே கேரியர் கணவரின் முதுகுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லிக்கொடுப்பது மேல். மாலை நடைக்கும் கடைக்கும் அவர் கட்டிக்கொள்ளட்டும்.

சிலர் தாங்களாகவே முடிவெடுத்துக் கேரியர் கட்டக் கூடாது. ரத்தக்கசிவு இருப்பவர்கள், நஞ்சு கர்ப்பவாயை மறைத்துக் கீழே இருப்பவர்கள், கர்ப்பவாயில் தையல் போட்டவர்கள், பிரஷர் ஏறியவர்கள், முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. மற்றவர்களும் அடுத்த செக்கப்பில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது, ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு. மூன்றும் சரியாக இருந்தால் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்று தொடங்கலாம். கட்டியிருக்கும்போது வயிறு இறுகிப் பிடித்தாலோ, அடிவயிற்றிலோ இடுப்பு மூட்டிலோ வலித்தாலோ, தலை சுற்றினாலோ, தொடர்ந்து பேச மூச்சு வராவிட்டாலோ உடனே உட்கார்ந்து இறக்கிவிட வேண்டும். இறக்கி ஓய்வெடுத்த பிறகும் வயிற்று இறுக்கம் விட்டு விட்டு வந்தாலோ, நீரோ ரத்தமோ பட்டாலோ, ஆஸ்பத்திரிக்குப் போவதைக் காலைவரை தள்ளிப்போடக் கூடாது.